கொட்டாவி விடும் பந்தயக்காரி

டோல்கேட்டில் இருக்கும் என் உதிரிபாகக் கடைக்கு பிரேக் லீவர் வாங்க வருவாள் அந்தப் பெண். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவள். ஒல்லியான உடம்பு, முழங்கையில் தார்ரோடு தேய்த்த தழும்பு. கடையில் நிற்கும் நேரமெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள்.

"ராத்திரி உறங்கலியாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாதான் தூங்கனேன் அண்ணாச்சி. சும்மா நின்னா வந்துகினே கீது. வளைவுல வண்டிய சாய்க்கசொல்ல முட்டி தரையில உரசும் பாரு, அப்ப மட்டும்தான் வராது."

நமக்கெல்லாம் உயிர் போகும் இடத்தில்தான் அவள் முழுதாக விழித்திருக்கிறாள். அன்று முதல் அவள்மேல் எனக்குத் தனி மரியாதை.

கடைசியாக வந்தபோது, காசிமேட்டில் மீன் விற்கும் தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள்.

"இந்தத் துணிச்சலெல்லாம் ஜீன்லயே வருமாமே" என்றேன் அம்மாவிடம்.

"எல்லாம் அவ அப்பன் ரத்தம். எனக்கு ராட்டினத்தப் பார்த்தாலே பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டார்.

சாமானை வாங்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். மகள் சிக்னலுக்காக ஓரமாக நின்றாள். அம்மா நிற்கவில்லை. துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு கையை நீட்டியபடி நேராக நடந்தார். பிரேக்குகள் அலறின. எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறித் திரும்பியபோது அவர் முகத்தில் தூக்கத்தின் சாயலே இல்லை.

அந்தப் பெண்ணின் அப்பாவை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.