ஐம்பதாம் பக்கத்துக் குடை

வாடகைப் புத்தகக் கடையில் இருப்பவருக்குக் கொலைகாரன் யார் என்று தெரிந்திருக்கலாம். வாயைத்தான் திறக்கக் கூடாது. பட்டம் வாங்கிவிட்டு நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் என் போன்றவர்களே, மலேசியாவின் ஈப்போவில் அப்படி ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

சுத்தம்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதலாளி ஜமால் அண்ணன் தெலுக் இந்தானுக்குப் போயிருந்தபோது, 'துப்பறியும் இளங்குமரன்' வரிசையைத் தூசி தட்டினேன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். எல்லாவற்றிலும் ஐம்பதாம் பக்கத்தில் பென்சில் கிறுக்கல்: நட்சத்திரம், மீன், குடை. ரப்பர் தேயத் தேய அழித்தேன்.

திரும்பி வந்த அண்ணன் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார். "அடோய், படிச்ச புள்ள செய்ற வேலையாம்மா இது? அது கிறுக்கல் இல்ல, ஆளுங்க!"

மீன்

அட்டையெல்லாம் ஒரே துப்பாக்கி. படித்ததையே மறுபடி எடுக்காமலிருக்க, ஒவ்வொரு வாசகரும் ஐம்பதாம் பக்கத்தில் தன் அடையாளத்தைப் போட்டு வைப்பாராம். மீன், டாக்சி ஓட்டும் முனியாண்டி அண்ணனுடையது. நான் அழித்த பிறகு ஒரு நாவலை எடுத்துப் போனவர், மறுநாளே வந்து மேசையில் போட்டார்.

"பத்தாவது பக்கத்துலயே கொலைகாரனைக் கண்டுபிடிச்சிட்டேன் தங்கச்சி. நான்தான் புத்திசாலி ஆயிட்டேன்னு நினைச்சேன் லா!"

குடை

சரோஜா அக்கா துணிப்பையோடு வந்து, குடை போட்ட புத்தகம் வேண்டும் என்றார். குடை அவர் கணவருடையது. சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பால் வடிய மரப்பட்டையைக் கீறியவர். தோட்டத்தை விற்றபின் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்து, போன வருடம் இறந்துவிட்டார். அவர் படித்ததையெல்லாம் இப்போது அக்கா ஒவ்வொன்றாகப் படிக்கிறார்.

எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "யாரு கொன்னான்னு கேட்டா, நீயே படிச்சுக்கன்னு சிரிப்பாரு. இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சேன். இனி எது அவரு படிச்சதுன்னு எப்படிம்மா தெரியும்?"

ஜன்னலோரம்

அன்று மதியமே ஐம்பதாம் பக்கங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினேன். எட்டுப் புத்தகங்களில் வெறும் தாள். ஒன்பதாவதில் பென்சில் கரி போயிருந்தது, அழுத்திய பள்ளம் போகவில்லை. குடை! நான்கு நாளில் இருபத்தாறு குடைகள் கிடைத்தன.

மறுபடி வந்த அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். பிடியிலிருந்து கம்பிவரை இரண்டு முறை. "பால்மரத்தைக் காயப்படாம வெட்டுன மனுசன், தாளை மட்டும் எப்படிக் குத்தி வச்சிருக்காரு பாரு!"

எனக்கு வேலைக் கடிதம் இன்னும் வரவில்லை. ரப்பரை ஜமால் அண்ணன் இழுப்பறையில் பூட்டிவிட்டார், சாவி எங்கே என்று மட்டும் நான் துப்பறியப் போவதில்லை.