தாராக்கள் மேல் கொடுத்த முறைப்பாடு

பன்னிரண்டு தாரா வாத்துகள் மீது எழுத்தில் முறைப்பாடு கொடுத்த மனிதன் மட்டக்களப்புப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கம், ‘மேற்படி பிராணிகள்’ என்றெல்லாம் போட்டு.

யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடானதும், வெண்கட்டியைத் தவிர எதையும் பிடித்தறியாத வாத்தியாரான நான் சித்தாண்டிக்கு அப்பால் ஒரு வயல்வட்டையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து விதைத்தேன். வீட்டில் ஐந்து வயிறு அந்த நெல்லை நம்பியிருந்தது. பயிர் ஒரு சாண் எழும்பிய நேரம், வரம்பில் நடந்தால் விரல்நக அளவில் வெள்ளைப் பூச்சிகள், சிறகில் மங்கலான கபிலப் புள்ளிகளோடு, எழும்பிப் பறந்து மறுபடி இலையில் குந்தும். வயல் இப்போதே பூத்துவிட்டது போலிருக்கிறது என்று மனைவியிடம் வர்ணித்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இலை நுனிகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் போயிருந்தன. நறுக்குகள் தண்ணீரில் மிதந்தன. நடுவில் பக்கத்து வயல்காரரின் தாராக்கள் தலை கவிழ்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கல்லெறிந்து துரத்தினேன். சத்தம் கேட்டு வந்த அந்த வயல்காரர் ஏறாவூர்க்காரர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன்.

“தாரா பயிர் தின்னாது, மாஸ்டர்” என்றார்.

குற்றவாளியின் தகப்பன் வேறென்ன சொல்வார் என்று அந்த இரண்டு பக்க மனுவை எழுதினேன். அதைக் கேள்விப்பட்டு அவர் தாராக்களைக் கூட்டில் அடைத்தார். பயிர் முன்னைவிட வேகமாக வெளுத்தது.

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை விசாரிக்க வந்தார். நான் நீட்டிய மனுவைப் படிக்காமலே மடியில் செருகினார். மிதந்த நறுக்கொன்றை எடுத்து நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். அது நறுக்கல்ல, சுருட்டுப்போல் சுருட்டிய இலைக்குழல். உள்ளே நெளிந்தது ஒரு பச்சைப் புழு. விலாவெங்கும் மயிரிழைகள், தண்ணீருக்குள் மூச்சுவிடும் செவுள்கள். புழுவென்றால் கரையில் வாழும் சீவன் என்பதே என் நாற்பத்தைந்து வருடப் படிப்பு. இதுவோ தோணி கட்டிப் பயிருக்குப் பயிர் போகிறது.

“இது எங்கேயிருந்து வந்தது?”

“வெள்ளைப் பூச்சி பறந்திருக்குமே, நீங்க காணல்லயா? தண்ணியில படுற இலையில முட்டையிடும். அதுதான் இந்தப் புழு. மறுகா, கொஞ்ச நாள் போக, குழலோட தண்டில ஒட்டிக் கிடந்து திரும்பவும் பூச்சி.”

கண்டேன். ரசித்தேன்.

“அப்ப தாரா?”

“அதுகள் இதத்தானே திண்டதுகள். நீங்க வரம்ப வெட்டித் தண்ணிய மூணு நாளைக்கு வடிய விடுங்க. தண்ணியில்லாட்டி இது செத்துப்போகும்.”

வெட்டினேன். குழல்கள் சேற்றில் கிடந்து காய்ந்தன. பாதிப் பயிரில் புதுக்குருத்து தெரிந்தது. தண்ணீரை மறுபடி கட்டுமுன், மிஞ்சிய புழுக்களைத் தின்னவைத்து அந்தப் பாதியையாவது காப்பாற்ற, காக்காவிடம் போய்த் தாராக்களை என் வயலில் விடும்படி கேட்டேன்.

அவர் கூட்டுக் கதவில் கைவைத்தார்.

“விடலாம் மாஸ்டர். கல்லெறிய மாட்டன் எண்டு எழுத்தில ஒண்டு தாங்க. எனக்கில்ல, அதுகளுக்கு.”