மேஜை மேல் வட்டக் கீறல்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பேன். பழக்கடைக்காரர் பைக்குள் போட்ட மாதுளையை அவர் முன்னாலேயே வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "உங்களைப் போலீஸ்ல சேத்திருக்கணும்" என்பாள் என் மனைவி. பாராட்டித்தான் சொல்கிறாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

பார்க்கிற வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு, மேஜை, அலமாரி, கட்டில் இவற்றின் மேல் ஒட்டிய மைக்காத் தகட்டில் விழுந்த கீறலைச் சரிசெய்து கொடுக்கிறேன். மரம் என்றால் இழைத்துப் பாலிஷ் போடலாம். மைக்காவை இழைத்தால் உள்ளே இருக்கும் பழுப்புக் காகிதம் பல்லைக் காட்டும். அதனால் ஆழமான கீறலில் அதே நிறத்து மெழுகை உருக்கி ஊற்றி, பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, மேலே மெல்லிய பேனாவால் மரரேகை வரைய வேண்டும். மேலோட்டமான கீறலுக்கு மெழுகுப் பாலிஷைத் தேய்த்து மங்கலை மறைக்கலாம். போக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். இத்தனை வருடத்தில் "நான்தான் கீறினேன்" என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மேஜை தன்னைத் தானே கீறிக்கொண்டது போலத்தான் பேசுவார்கள். அதனால் நானே கண்டுபிடித்துவிடுவேன். சாவிக்கொத்து விழுந்தால் ஒரு மாதிரி, சூடான பாத்திரம் வைத்தால் ஒரு மாதிரி, பூனை ஏறினால் ஒரு மாதிரி.

போன வருடம் இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்கள். கோவிலுக்கு வருகிறவர்கள் தங்கும் இடம். இரண்டாவது மாடியில் பன்னிரண்டு அறைகள்; ஒவ்வொன்றிலும் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை. மைக்கா ஒட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றார் மேனேஜர். எல்லா மேஜையிலும் நடுவில் ஒரு மங்கல். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். வட்ட வட்டமாக, மெல்லிய கீறல்கள், ஆயிரக்கணக்கில்.

அந்த மாடி அறைகளைச் சுத்தம் செய்வது ஒரே ஒரு அம்மாள். தங்கச்சிமடத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார், நாற்பது வயதிருக்கும். அவர் வாளியை எட்டிப் பார்த்தேன். துடைக்கும் துணி, பினாயில், ஒரு கம்பி நார்.

மேனேஜர் எல்லாரையும் கீழே வரவேற்பு மேஜைக்கு முன்னால் கூட்டினார். வாட்ச்மேன், கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், துணி துவைக்க எடுத்துப் போகிறவர், அந்த அம்மாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இது எதுல வந்த கீறல்?" என்றார் என்னிடம்.

"கம்பி நாரு. சந்தேகமே இல்ல" என்றேன். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். "வட்டமாப் போட்டுத் தேச்சிருக்காக."

"அந்த நாரு பாத்ரூம் தரைக்குண்ணே. மேசைய ஈரத்துணிய வச்சுத்தான் தொடைக்கிறேன்" என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

"நான் தேச்சத நீங்க பாத்தீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. என் தொழிலைப் பற்றி என்னிடமே கேள்வியா? "கீறலைப் பாத்தாப் போதும்மா, ஆளப் பாக்க வேணாம்" என்றேன். வாட்ச்மேன் சிரித்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் லாட்ஜ் மேனேஜர்கள் எல்லாரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். ஒரு இடத்தில் பொருளைக் கெடுத்தாள் என்று பேர் வந்துவிட்டால் அடுத்த இடத்தில் படியேற விடமாட்டார்கள். அது அந்த அம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, கம்பி நாரை எடுத்து ஒரு முறை பார்த்தார். பிறகு அதை வாளியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாள் வேலை. முதல் நாளே நான்கு மேஜைகளை முடித்தேன். முடித்த அறைகளை வாடகைக்கு விட்டார்கள். மூன்றாம் நாள் காலை, முதலில் முடித்த அறை காலியானது. எதற்கும் பார்ப்போமே என்று உள்ளே போனேன். மேஜை நடுவில் மறுபடியும் அதே மங்கல், அதே வட்டங்கள். மெழுகு பூசிய இடம் முழுக்கத் தேய்ந்திருந்தது.

என் புத்தி எங்கே போனது தெரியுமா? அந்த அம்மாள்தான் வயிற்றெரிச்சலில் யாருக்கும் தெரியாமல் வந்து தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அவுக இந்தப் பக்கமே வரலையேண்ணே" என்றார். அவரும் கூட்டுக் களவாணியோ என்று அவரையும் ஒரு பார்வை பார்த்துவைத்தேன். தங்கிப் போனவர்கள் செய்திருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேஜையில் ஒரு தூசி இல்லை. விருந்தாளி அசிங்கம் செய்துவிட்டுப் போவான், இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டா போவான்?

வராந்தாவில் திரும்பி நடந்தபோது இரண்டு அறை தள்ளிக் கதவு திறந்திருந்தது. வடக்கேயிருந்து வந்த குடும்பம். ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன். தலையெல்லாம் ஈரம், தீர்த்தமாடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். பெரியவர் மேஜை முன்னால் நின்று, கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஈரமணலை அதன்மேல் கொட்டி, உள்ளங்கையால் பரப்பிக்கொண்டிருந்தார். விசிறி முழு வேகத்தில் ஓடியது. காய வேண்டுமே என்று கையை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். நான் முந்தின நாள் மெழுகு போட்ட மேஜை. சர்ர் சர்ர் என்ற சத்தம் வராந்தாவரை கேட்டது.

எனக்குத் தெரியாத விஷயமா இது? காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணல் எடுத்துப்போய் அங்கே கங்கையில் கரைப்பதை சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஈரத்தோடு கட்டினால் பை நாறும், காயவைத்துத்தான் கட்டுவார்கள் என்று மட்டும் யோசித்ததில்லை. வாசலில் நின்று தரையைக் கைகாட்டினேன், கீழே பரப்பலாமே என்று. பெரியவரின் மனைவி பதறிப்போய்த் தன் காலைத் தொட்டுக் காட்டி, காதைப் பிடித்துக்கொண்டார். கால் படும் இடத்தில் சாமி மணலை எப்படிப் போடுவது? கட்டிலில் போட்டால் மெத்தை நனையும். மிச்சம் மேஜைதான். காய்ந்ததும் ஒரு அட்டையால் வழித்துப் பையில் இட்டார்கள். பிறகு, ஒரு மணிகூடக் கீழே சிந்தி மிதிபடக் கூடாதென்று, மேஜையைத் துண்டால் மறுபடி மறுபடி துடைத்தார்கள். அந்தச் சுத்தம்தான் என்னை ஏமாற்றியது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கீழே போய்ச் சாப்பிட்டேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. என் கண்ணில் ஸ்கேன் மெஷின் இருக்கிறது என்று மேனேஜர் பக்கத்து லாட்ஜ் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார், அங்கிருந்தும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரசம் சோற்றைப் பிசையும்போது, அந்த அம்மாள் கம்பி நாரை எடுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"வேற ஆளு சொல்லியாச்சேண்ணே" என்றார் அவர்.

"அந்த அம்மா மேல தப்பு இல்ல. தப்பு என் மேல."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அப்ப நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

வாட்ச்மேனிடம் வழி கேட்டுத் தங்கச்சிமடத்துக்குப் போனேன். அந்த அம்மாள் கதவைப் பாதிதான் திறந்தார். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாரு அனுப்புனாக உங்கள?"

"யாரும் அனுப்பலம்மா. நானாத்தான் வாரேன்."

"எதுலயும் கையெழுத்துக் கேப்பாகளா? அங்கன ஏதும் பொருள் காணாமப் போயிருக்கா?"

இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அன்னைக்கு யார் யாரு நின்னாகளோ, அவுக அம்புட்டுப் பேரும் நிக்கணும். அவுக முன்னாடி சொல்றீகளா? சொன்னா வாரேன்."

மறுநாள் காலை வந்தார். லாட்ஜ் படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றார். துணி எடுத்துப் போகிறவர் வரத் தாமதமானது. அவர் வரும்வரை இவர் அசையவில்லை. எல்லாரும் கூடிய பிறகு உள்ளே வந்து சுவரோரம் நின்றார். அது கம்பி நார் இல்லை, மணல், நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் அவர். "அன்னைக்குச் சத்தமாத்தான சொன்னீக."

சத்தமாகச் சொன்னேன். வாட்ச்மேன் இந்த முறை சிரிக்கவில்லை. புதிதாகச் சொல்லிவைத்த ஆள் வர வேண்டாம் என்று மேனேஜர் போன் போட்டுச் சொன்னார். அறைக்கு ஒரு அகலமான தட்டு வைத்தால் மணலை அதில் பரப்பிக்கொள்வார்களே என்று அந்த அம்மாள்தான் சொன்னார். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். மிச்ச மேஜைகளை முடிக்க நானும் பின்னால் போனேன்.

நான் மெழுகுப் பாலிஷைத் தேய்க்கும்போது அவர் அறை வாசலில் வந்து நின்றார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று நிமிர்ந்தேன்.

"நீங்க வேலையப் பாருங்கண்ணே. நான் சும்மாதான் நிக்கிறேன்" என்றார்.

நான் முடிக்கும்வரை நின்றார். அடுத்த அறைக்கும் வந்து நின்றார். நான் பையைக் கட்டிய பிறகு மேஜையை நான்கு ஓரமும் தடவிப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். "நீங்க போன பெறகு என்ன சொல்லுவீகன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, கூனிக்குறுகிப் போனேன். அந்த லாட்ஜுக்கு அதன்பின் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் நான் வேலையை முடித்துப் படியிறங்கும்வரை அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.