பொனிரா காவல் காத்த சோறு

இடது கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, முட்டி இரண்டையும் சேர்த்துவைத்து, யார் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் பொனிரா. கிராம்பு தூக்கத்துக்கு மருந்து. நாள் முழுக்க ஒரே ஓவியத்தின் எதிரே உட்கார்ந்தால் மதியத்துக்கு மேல் ஓவியமும் தூங்கிவிடும் என்பது அவளுடைய அனுபவம். உட்காரும் நாற்காலி வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அமைப்பாளர்கள் தரும் நாற்காலி பார்க்க அழகாக இருக்கும், இடுப்பை ஒடித்துவிடும்.

யாராவது கிட்டே போனால் சத்தம் போடமாட்டாள். ஆள்காட்டி விரலை நீட்டுவது ஜாவாவில் மரியாதைக் குறைவு. நான்கு விரல்களையும் மடக்கிக் கட்டைவிரலை மட்டும் காட்டி, "தொடாதீங்க. பாக்கறதுக்குத்தான் கண்ணு இருக்குல்ல" என்பாள். போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் கை தானாகக் கீழே இறங்கும்.

மகெலாங்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பியனாலே என்ற கலைக்காட்சி நடக்கும். எந்தெந்த நாட்டுக் கலைஞர்களோ வந்து இறங்குவார்கள். அந்த இரண்டு மாதம் பொனிராவுக்குக் காவல் வேலை, மற்ற நாளெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி. இஸ்திரி வயித்துக்கு, பியனாலே மானத்துக்கு என்று சொல்லிக்கொள்வாள். முன்பு எல்லாம் எளிதாக இருந்தது. பெரிய மண்டபம், வெள்ளைச் சுவர், சட்டம் போட்ட ஓவியம், கீழே பெயர். பிறகு மணல் குவியல் வந்தது. பிறகு, தொட்டுப் பார்க்கச் சொல்லி எழுதிவைத்த பொருள்கள் வந்தன. 'தொடுங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 'மெதுவா' என்று மட்டும் சொன்னாள். ஒரு வருடம் இருட்டறையில் எதையுமே வைக்கவில்லை. எதைக் காக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அமைதியை என்றார்கள். காத்தாள். கீச்கீச்சென்று சத்தமிடும் செருப்போடு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே விட்டாள். போன முறை காட்சியே ஒரு நடைப்பயணம்தான். முப்பது பேர் வயல்வரப்பில் நடந்தார்கள், பின்னாலேயே நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொனிராவும் நடந்தாள்.

இந்த முறை மண்டபமே கிடையாது என்று காட்சியமைப்பாளர் தாமர் வந்து சொன்னான். எலோ ஆற்றங்கரையில் அவள் குடியிருக்கும் சந்துதான் பியனாலே. பின்லாந்துக் கலைஞர் ஐனோ, சந்தின் கோடியில் இருக்கும் பூப்பந்து மைதானத்தில் தினமும் மாலை பாய் விரிப்பார், சோறு இருக்கும், அதுதான் படைப்பு. "வந்து பாத்துக்கங்க, இபு" என்றான். இபு என்றால் அம்மா. சொன்ன கையோடு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டான். அதுதான் படைப்பு என்று சொன்ன பிறகு பொனிராவுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்?

முதல் மாலை வாழையிலையில் ஆவி பறக்கச் சோறு குவித்திருந்தது. பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த பலாக்காய், தெம்பே என்னும் பொரித்த சோயா வில்லை, மிளகாய்ச் சம்பல். ஊர்க்காரர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து சுற்றி அமர்ந்தார்கள். ஐனோ சுவரோரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விருந்தாளியும் இல்லை, விருந்து கொடுப்பவரும் இல்லை, வந்தவர்கள் தாமாகவே தொடங்கட்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் குடல் சுருண்டாலும் வீட்டுக்காரர் 'மொங்கோ' என்று உபசரிக்காமல் இந்த ஊரில் ஒரு கையும் சோற்றை நெருங்காது. அந்த ஒரு சொல்லுக்காக எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். வழக்கம் தெரியாத வெளிநாட்டுப் பையன் ஒருவன் தெம்பேயை நோக்கிக் கை நீட்டினான். கட்டைவிரல் நீண்டது.

"தொடாதீங்க தம்பி. பாக்கறதுக்கு."

அவன் மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள், மிக அருமை என்றார்கள், தெருமுனை வண்டியில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சோறு விறைத்துப்போயிற்று. இந்த ஊருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று ஐனோ அழுதாராம்.

இந்த முறை காவல் மாலையில் மட்டும் என்பதால் பகலில் அவள் இஸ்திரி போட்ட சலவைக்கடைக்கே மறுநாள் காலை தாமர் வந்துவிட்டான். இன்னொரு மாலை இப்படிப் போனால் இந்தப் படைப்பையே எடுத்துவிடுவார்கள் என்றும், இதற்குக் காவலே தேவையில்லை என்றும், அவள் இனி வர வேண்டாம் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொனிரா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இருபது வருட வேலை போகிறதே என்று இருந்தது. அதைவிட, தன் சந்துக்கு வந்தவர்கள் பசியோடு திரும்பினார்கள் என்பது சுட்டது. முந்தின இரவே அது அவளைத் தூங்கவிடவில்லை.

"அது யார் வீட்டுச் சோறு, தம்பி?"

"யார் வீட்டுதும் இல்ல, இபு. பொது. கலைஞர் ஒருத்தர், பாக்க வர்றவங்க ஒருத்தர்னு இப்பல்லாம் பிரிக்கறதில்ல."

"அப்ப சாப்பிடச் சொல்றது யாரு?"

"யாரும் சொல்லக் கூடாது. சொன்னா கருத்தே கெட்டுடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கும் நேத்து பசிதான்" என்றான்.

"நான் வருவேன்."

"வேணாம், இபு. நான் பதில் சொல்லணும்."

"வேலைக்கு வரல. என் சந்து. நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

அன்று மாலை அவள் காவல்காரச் சட்டையைப் போடவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் பச்சை கெபாயாவை மடிப்புக் கலையாமல் உடுத்தி, கொண்டையைச் சரிசெய்துகொண்டு சந்தின் வாசலில் நின்றாள். வந்தவர்களை ஒவ்வொருவராக வாங்க என்றாள், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று விசாரித்தாள், பாயில் இடம் காட்டி உட்காரவைத்தாள். எல்லோரும் அமர்ந்ததும் வலது கையைத் தாழ்த்தி, "மொங்கோ, சாப்பிடுங்க. ஆறிடும்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே முப்பது கைகள் சோற்றில் இறங்கின.

தாமர் ஓடிவந்தான். எல்லாம் கெட்டுப்போயிற்று என்று அவள் காதோரம் பதறினான்.

"கெட்டுப்போனது நேத்துச் சோறு. உக்காருங்க, தம்பி."

அவன் பலாக்காயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஐனோ மட்டும் சுவரோரமாக அப்படியே நின்றார். முகம் வெளுத்திருந்தது. இந்த அம்மாள் தன் படைப்பைக் கைப்பற்றிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் ஒரு வார்த்தை நிறுத்து என்றால் பாயும் போகும், மிச்சமிருக்கும் மாலைகளும் போகும், பொனிராவின் மானமும் போகும். அது பொனிராவுக்கு நன்றாகவே தெரியும். உள்ளூரப் பயம் இருந்தது. ஐனோவின் மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் வராது.

பெரியவர்கள் முன்னால் போகும்போது குனிவதுபோல் முதுகை வளைத்து, சாப்பிடுகிறவர்களைக் கடந்து அவரிடம் போனாள். மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து, சலவைக்கடை முதலாளிக்கும் தாமருக்கும் நடுவில் உட்காரவைத்தாள். ஐனோவின் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டாள். மண்கூஜாவைச் சாய்த்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டு, ஈரம் சொட்டும் அந்தக் கையை அப்படியே கொண்டுபோய்ச் சோற்றின் மேல் வைத்தாள்.