அத்தான் வளர்க்கும் பாசி

“குடி கண்ணு, நல்லா குடி” என்று கொஞ்சியபடி, ஏணியின் மேல்படியில் நின்று, மின்கம்பத்தில் தொங்கும் வலைப்பைக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார் அத்தான். இஸ்திரிக் கடையில் இருக்குமே, அதே மாதிரி ஸ்ப்ரே பாட்டில். ஏணியைப் பிடிக்க ஆள் கிடையாது. தெருவில் போகிற யாரையாவது, “சார், ஒரு நிமிஷம், கவர்மென்ட் வேலை” என்று நிறுத்திப் பிடிக்க வைத்துவிடுவார். இத்தனை உபசாரமும் பூச்செடிக்கு அல்ல. ஈரச்சுவரில் வெல்வெட் மாதிரி ஒட்டிக்கிடக்குமே, அந்தப் பாசிக்கு.

ஊரில் அவருக்குப் பெயரே பாசி ஆபீசர். எனக்கு அத்தான், என் அக்காவைக் கட்டியவர். காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கிற அலுவலகத்தில் வேலை. பாசிக்கு உறிஞ்சும் வேர் கிடையாதாம். காற்றும் மழையும் கொண்டுவந்து போடுவதுதான் அதற்குச் சாப்பாடு. புகையில் ஈயம் இருந்தால் அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால், எங்கோ சுத்தமான மலைக்காட்டில் எடுத்த பாசியை வலைப்பையில் போட்டுத் தெருத்தெருவாகக் கட்டுகிறார்கள். சில மாதம் கழித்து அவிழ்த்து லேபுக்கு அனுப்பினால், அந்தத் தெரு எதைச் சுவாசித்தது என்று தெரிந்துவிடும். வருஷா வருஷம் செய்தால் காற்று தேறுகிறதா, இன்னும் கெடுகிறதா என்பதும் தெரியும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்ததே அத்தான்தான். இவ்வளவும் தெரிந்த மனிதர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தண்ணீர் தெளிக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெளித்தால் படிந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். அவருக்கு அது முக்கியமில்லை. “வாடிக் கிடந்தா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?” என்பார். என்றைக்கோ ஒரு மேலதிகாரி, “உங்க பாசி மட்டும் எப்படிய்யா இவ்வளவு பச்சையா இருக்கு?” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று தலைக்கேறியது இன்னும் இறங்கவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு எங்கே பார்த்தாலும், “என் கையில ஒரு பாசி செத்ததா சரித்திரம் இல்ல” என்று ஆரம்பித்துவிடுவார். “பெத்த பிள்ளைங்களை ஒருநாள் குளிப்பாட்டினது கிடையாது, பாசியைக் குளிப்பாட்டப் போயிட்டாரு மகராசன்” என்பாள் அக்கா.

தூசி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் கைக்குட்டையை விரித்துத்தான் நாற்காலியில் உட்காருவார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருக்கிறது. வெள்ளைத்துணி காயப்போட்டால் சாம்பல் துணிதான் திரும்பி வரும். துணி போகட்டும். எழுத்துக்கூட்டி அழகாக வாசித்துக்கொண்டிருந்த என் மகள், திடீரென்று தெரிந்த எழுத்திலேயே முட்டிக்கொண்டு நின்றாள். தினம் வயிற்றுவலி வேறு. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, “வீட்டுப் பக்கத்துல பேட்டரி எதுவும் உடைக்கிறாங்களா?” என்று கேட்டார். குழந்தையின் ரத்தத்தில் ஈயம்.

தெருவே திரண்டு மனு கொடுத்தது. பட்டறையின் அனுமதி முடிகிற சமயம். பாசி என்ன சொல்கிறதோ அதை வைத்து முடிவெடுக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். எங்கள் வாசல் கம்பத்திலேயே ஒரு பை ஏறியது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன். பச்சை மங்கிப் பழுப்பானது. பழுப்பு கருத்தது. அத்தான் வந்து வந்து தண்ணீர் அடித்தும் பிழைக்கவில்லை. சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கருகட்டும், நன்றாகக் கருகட்டும், பட்டறையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

விசாரணை நாளில் பட்டறை முதலாளியின் வக்கீல் எழுந்து அறிக்கையை வாசித்தார். பாசி செழிப்பாக உள்ளதாம். ஈயம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறதாம். கீழே அத்தானின் கையெழுத்து. அனுமதி நீட்டிக்கப்பட்டது.

மறுநாள் காலையில் அத்தான் வந்தார். அக்கா விரட்டியிருக்க வேண்டும். வழக்கம்போல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். ஆத்திரத்திலும் பழக்கம் விடாமல் ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தேன்.

“அந்தப் பாசி கருகிக் கிடந்ததை நான் பார்த்தேன் அத்தான்.”

“நானும்தான் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“அதை அப்படியே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றியா? ரிட்டயராகப் போற நேரத்துல, பாசியைச் சாகடிச்சவன்னு பேர் வாங்கணுமா நான்?”

“அதனால?”

“எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி ஓரத்துல தளதளன்னு கிடந்துச்சு. நாலு கொத்து எடுத்துப் பையில வெச்சு அனுப்பிட்டேன். எல்லாம் பாசிதானே, சின்னவளே.”

அவர் வீடு ஊரின் மறுகோடியில், பூங்காவை ஒட்டி இருக்கிறது. அந்தக் காற்றைச் சோதித்துவிட்டு எங்கள் தெருவுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறார்கள். மனிதர் லஞ்சம் வாங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காசு கொடுத்து மாற்றிவிட்டார்கள் என்று திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு பிடி பாசி பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்காக என் குழந்தையைக் கருக விட்டவரை என்ன சொல்லித் திட்டுவது?

“ஆபீசுல போய் உள்ளதைச் சொல்லிடுங்க அத்தான். பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்கு. உங்க கால்ல விழறேன்.”

“இப்பப் போய் மாத்திச் சொன்னா என் மானம் என்னாகிறது? வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காத. குழந்தைக்கு நல்ல டானிக்கா வாங்கிக் குடு. உங்க தெருக் காத்துக்கு ஒரு குறையும் இல்ல. நீயே படிச்சுப் பாரு” என்று பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பின்னால் பட்டறையில் உலையை மூட்டினார்கள். வழக்கமான அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. குடிக்கலாம் என்று தம்ளரைத் தூக்கியவர், ஜன்னலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், குடிக்காமல் கீழே வைத்தார். “பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?” என்று பேச்சை மாற்றிக்கொண்டே அந்த அறிக்கையை எடுத்து, தூசி விழாதபடி தம்ளரை மூடினார்.