தண்ணீர் ஊற்றியவள்

ஒன்பதாம் வகுப்புக்கு வரும் வரை எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்துக்குள் நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். இரண்டு முறையும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். பெரம்பலூர் டவுனை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த தனியார் பள்ளி அது. அம்மா அங்கே தமிழ் டீச்சர். அம்மாவோடு ஸ்கூட்டியில் போய் அம்மாவோடு திரும்புவேன்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் புது பிரின்சிபால் வந்தார். பிள்ளைகள் கையால் செய்து பார்த்துத்தான் படிக்கவேண்டும் என்றார். கேட்டில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் வெள்ளை கோட்டு போட்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களுக்குக் கோட்டு கிடைக்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. செம்பருத்திப் பூவை பிளேடால் நீளவாக்கில் பிளந்தோம். நாலைந்து எலுமிச்சம்பழங்களில் செம்புக் கம்பியும் ஆணியும் செருகிச் சின்ன விளக்கு எரிய வைத்தோம். புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடந்தபோது வகுப்பே கத்தியது.

அந்த வேலைகளில் எல்லாம் எனக்கு ஜோடி, என் பக்கத்தில் உட்காரும் பெண். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வேனில் வருவாள். அவளுடைய அப்பா, அவள் அத்தா என்பாள், சவுதியில் வேலை பார்த்தார். பென்சில் பாக்ஸில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பாள். வகுப்பில் ஜன்னல் கொக்கி கழன்றால் வாட்ச்மேனைக் கூப்பிட மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் நாலு வரி பேசச் சொன்னால் திணறுவாள். நான் நேர் எதிர். ஆங்கிலம் சரளமாக வரும், கை வேலை ஒன்றும் வராது.

பெற்றோர்கள் வந்து பார்க்கும் கண்காட்சி நாள் அறிவித்தார்கள். வரும் வருஷத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்களும் அன்றைக்கு வருவார்கள் என்றார்கள். கல் எப்படி சிமெண்ட் ஆகிறது என்று காட்டலாம் என்பது அவள் யோசனை. அரியலூர் பக்கம் போனால் எந்நேரமும் சுண்ணாம்புக் கல் லாரிகள்தான். அந்தக் கல்லையே கொண்டுவந்தோம். அவளுடைய மாமா கடையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளும் வந்தன. தண்ணீர் பட்டால் அந்தக் கட்டி சூடாகிப் புகைந்து வெடித்துப் பொடியாகும். அவள் தள்ளி நின்றுகொண்டு, நீளக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காட்டினாள். என்னை இன்னும் ரெண்டடி பின்னால் போகச் சொன்னாள்.

"மிஸ், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும்னு எங்க மாமா சொன்னாங்க."

அறிவியல் மிஸ் சிரித்தார். "போட்டோல மூஞ்சி தெரியாதுடி. நீ பாத்து ஊத்து, அது போதும்."

மிஸ் வேலையைப் பிரித்துக் கொடுத்தது இப்படி: ஆங்கிலத்தில் விளக்குவது நான், தண்ணீர் ஊற்றுவது அவள்.

அன்று காலையிலிருந்து நல்ல கூட்டம். எங்கள் மேசைக்கு நாலைந்து பெற்றோர்களோடு பள்ளித் தாளாளரே வந்துவிட்டார். நான் பேச ஆரம்பித்தேன். அவள் கரண்டியால் ஊற்றினாள். தட்டில் இருந்த கட்டி லேசாகப் புகைந்தது, அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"என்ன, ஒண்ணும் ஆவலையே?" என்றார் தாளாளர். கூட வந்தவர்கள் அடுத்த மேசையைப் பார்க்கத் திரும்பினார்கள். மிஸ் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சீக்கிரம் ஏதாவது செய் என்பதாக நான் எடுத்துக்கொண்டேன். அவர் நினைத்தது அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசையில் இருந்த டம்ளரை எடுத்து, அதிலிருந்த தண்ணீர் மொத்தத்தையும் கட்டியின் மேல் ஊற்றினேன்.

"ஏய், வேணாம்டி" என்று அவள் குனிந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நேரத்தில்தான் அது தெறித்தது.

அவள் அலறவில்லை. இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிஸ் ஓடிவந்து, துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்து, "ஒண்ணுமில்ல, கசக்காத, எழுந்திரு" என்று ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிப்போனார். வந்தவர்கள் பார்க்கக்கூடாது என்ற அவசரம் அதில் இருந்தது. போகும்போது என்னிடம், "நீ நிறுத்தாத, பேசு" என்றார்.

நான் பேசினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்து வந்தவர்களுக்கும், அதற்கடுத்து வந்தவர்களுக்கும், மனப்பாடம் செய்த அதே ஆங்கிலத்தைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு அப்பா என் தலையில் தட்டி, "சூப்பரா பேசுறியே பாப்பா" என்றார். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கூட்டம் கலைந்த பிறகு. அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். பட்ட உடனே அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கவேண்டும் என்று டாக்டர் திட்டினாராம்.

மறுநாள் முதல் பீரியடில் பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். பிரின்சிபால் சார் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"பயப்படாதம்மா. நடந்ததை எழுதிக் குடு, போதும். நான் சொல்றேன், நீ எழுது."

மிஸ் இல்லாத நேரத்தில், யார் அனுமதியும் இல்லாமல், அவளே விளையாட்டாகத் தண்ணீரை ஊற்றினாள் என்று சொன்னார். பேனா நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். நேற்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தேன். அம்மாவுக்குத் தெரியும்.

"எழுதும்மா" என்றார் அம்மா.

எழுதினேன். பதற்றத்தில் 'ஊத்தினாள்' என்று எழுதிவிட்டேன். அம்மா குனிந்து அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து, "ஊற்றினாள்" என்றார் மெதுவாக. வகுப்பில் நோட்டுத் திருத்தும் அதே குரல். அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். பிரின்சிபால் ரூமிலிருந்து வெளியே வந்தவர், வராண்டாவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அவளேதான் ஊத்துனாளாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "சரிம்மா, படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் பெஞ்சு காலியாகவே இருந்தது. அது நடந்து மூன்றாவது சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். லப்பைக்குடிக்காட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அவள் அம்மாதான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லி, உட்காரச் சொன்னார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. அதில் இனிப் பார்வை வராது என்று அவள் அம்மா வாசலிலேயே சொல்லியிருந்தார்.

"எங்கம்மா நான் சொன்னத நம்புனாங்க" என்றாள். "அத்தாதான் நம்பல. நீ எழுதிக் குடுத்த பேப்பரை பிரின்சிபால் காட்டுனப்ப அம்மா போட்டோ எடுத்து அனுப்புனாங்க. அதைப் பாத்துட்டு, 'உன் கூட்டாளியே எழுதியிருக்கா, இன்னும் பொய் சொல்றியா'ன்னு திட்டுனாங்க. பத்து நாளா என்கிட்ட பேசலை."

அவள் அதைச் சொன்ன விதத்தில், கண் போனதைவிட இதுதான் பெரிதாக வலித்திருக்கிறது என்று புரிந்தது.

"நான் மாத்தி எழுதித் தரேன்டி."

"எழுதுறது அப்புறம். இப்ப போன்ல சொல்லு."

வாட்ஸப்பில் அவளே கூப்பிட்டாள். அவள் அத்தா எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"அங்கிள், நான்தான் ஊத்துனேன். அவ வேணாம்னு சொன்னா. மிஸ்ஸும் பக்கத்துலதான் இருந்தாங்க. நான் பொய்யா எழுதிக் குடுத்துட்டேன்."

மெஷின் சத்தம் குறைந்தது, அவர் தள்ளி வந்திருக்கவேண்டும். பிறகு, "சரிம்மா. போனை அவகிட்ட குடு" என்றார். அவள் காதில் வைத்துக்கொண்டாள். எதிர்முனையில் அவர் அழுவது எனக்கே கேட்டது. "விடுங்கத்தா, விடுங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அங்கேயே நோட்டில் நடந்ததை இரண்டு பிரதியாக எழுதினேன். ஒன்றை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்து, திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னேன். அம்மா படித்தார். இந்த முறை எதையும் திருத்தவில்லை.

"குடுத்துட்டா அப்புறம் என்ன நடக்கும்னு தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அன்னைக்கு நானாவது வேணாம்னு சொல்லியிருக்கணும்" என்றார். அதோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

கொடுத்தேன். பிரின்சிபால் சார் அதைப் படித்து, நாலாக மடித்து டிராயரில் போட்டார். கத்தவில்லை. வைத்தியச் செலவைப் பள்ளி ஏற்றுக்கொண்டது, யாரும் வெளியே பேசக்கூடாது என்ற பேச்சோடு. ஆண்டு முடிவில், அடுத்த வருஷத்துக்குத் தமிழுக்கு ஆள் போதும் என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மாவுக்கு அரியலூரில் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. தினமும் விடியும் முன்னே சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிப்பார். அதற்கு நான்தான் காரணம் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் அந்தப் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஊருக்குப் பக்கத்திலேயே படித்து, பிறகு திருச்சியில் பி.காம் சேர்ந்தாள். பெருநாளைக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் அனுப்புவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

போன வருஷம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவளுடைய இடது பக்கமாகப் போய் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவளுக்கு நான் தெரியவில்லை. குரல் வந்த திசைக்கு முகம் முழுவதையும் திருப்பித் தேடினாள். நான்தான் என்று தெரிந்ததும் சிரித்தாள். "வலது பக்கம் வா, அப்பத்தான் தெரியும்" என்றாள் சாதாரணமாக. சுற்றி வந்து நின்றேன். வேலையைப் பற்றி, வெயிலைப் பற்றி, அவள் அக்கா பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அவள் பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன், ஏறிக்கொண்டாள்.