பினாங்குக் கப்பலில் நாற்பத்தெட்டு இஞ்சி சோடா

கப்பலில் போகிறவன் தனக்குக் குடிக்க வேண்டியதைத் தானே கொண்டுபோகிறேன் என்றால் அதில் யாருக்கு என்ன நட்டம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நான் கேட்காமலும் இல்லை. போலீஸ்காரரிடம் கேட்டேன். சுங்க அதிகாரியிடம் கேட்டேன். கப்பலில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவரிடம் காலையும் மாலையும் கேட்டேன். எல்லாரும் சட்டம் என்றார்கள். அந்தச் சட்டத்தை எழுதினவன் வாந்தி எடுக்கிற பெண்டாட்டியோடு ஒரு நாளாவது பிரயாணம் போயிருப்பானா?

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அடுத்தவன் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக் கை வெளுத்துப்போய், பிறகு மெஷின் சுற்றி, பிறகு காரைக்காலில் சொந்தமாக மெஷின் போட்டவன். எழுபதுகளில் திருநள்ளாறு, சுரக்குடி, குரும்பகரம் எந்தப் பக்கம் கல்யாணம் என்றாலும் பந்தி முடிந்த பிறகு என் கோலி சோடாதான். பன்னீர் சோடா வேறு ஆட்களும் போட்டார்கள். இஞ்சி சோடா என்றால் நான் ஒருவன்தான். தோல் சீவின இஞ்சியை அம்மியில் தட்டி, சாற்றைத் தெளியவைத்து, அடியில் நிற்கிற வெள்ளை மாவை விட்டுவிட்டு மேலாக இறுத்து எடுக்க வேண்டும். அதற்கு மேல் கேஸ். என் பாட்டிலில் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தெருமுனையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு கேஸ். எங்கள் ஊரில் பிரெஞ்சு பென்சன் வாங்குகிற பழைய பட்டாளத்துக்காரர்கள் இருந்தார்கள், சொல்தா என்போம். உலகம் சுற்றின அவர்களே சாயங்காலமானால் என் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். எதில் கலந்து குடிக்க என்று நான் கேட்டதில்லை. நான் அந்தச் சரக்கைத் தொட்டதில்லை. இதைக் கவனமாகச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வருவதற்கு இது முக்கியம்.

மூத்த மகளைப் பினாங்கில் கட்டிக்கொடுத்திருந்தேன். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வந்திருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அங்கத்து டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. ஆகவே என் சம்சாரம்தான் போய் நிற்க வேண்டும். அவளுக்கோ காரைக்காலிலிருந்து நாகூருக்குப் பஸ்ஸில் போனாலே நாலு தரம் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். ஐந்து நாள் கடலில் என்ன ஆவாள்? போய்ச் சேருகிறபோது மகளைத் தூக்கி உட்காரவைக்கத் தெம்பு இருக்க வேண்டும். இவளையே நாலு பேர் தூக்கிப் போகிற மாதிரி ஆகிவிட்டால் போய் என்ன பிரயோசனம்?

அவளுக்கு வயிறு புரட்டும்போதெல்லாம் என் இஞ்சி சோடாதான் மருந்து. அது ஒன்றுதான் உள்ளே நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து கண்டது. அதனால் எனக்குக் கவலையே இல்லை. இரண்டு மரப்பெட்டி, பெட்டிக்கு இருபத்துநாலு. அவளுக்கென்றே தனியாகப் போட்டேன். ரப்பர் வளையம் எல்லாம் புதிது. கேஸ் வழக்கத்தை விட ஒரு சுற்று அதிகம். கடலுக்கு அப்பால் போகிற சரக்கு, என் பேர் நிற்க வேண்டாமா? சொல்தா ஒருவரிடம் யோசனையும் கேட்டேன். கப்பல் தண்ணியை வாயில் வைக்க முடியாது, தாராளமாகக் கொண்டுபோங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார். அவர் போனது வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல். அதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கப்பல் நாகப்பட்டினத்தில்தான் நிற்கும். வாடகைக் காரின் மேலே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திருமலைராயன்பட்டினம் தாண்டி எல்லைச் சோதனைச் சாவடி. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எங்கள் காரைக்காலில் கடைகள் திறந்து கிடந்தன. காரைக்காலிலிருந்து பாட்டிலோடு வருகிறவன் எல்லாரும் ஒரே சாதி என்பது அங்கே நின்றவர்களின் எண்ணம்.

"என்னய்யா பெட்டில?" என்றார் போலீஸ்காரர்.

"சோடாங்க."

"காரைக்கால்லேர்ந்து சோடா மட்டுமா வருது? இதோட கூடப் பொறந்தது எந்தப் பையில இருக்கு?"

பையெல்லாம் பிரித்தார்கள். என் சம்சாரம் மகளுக்காக வைத்திருந்த பழைய நூல் சேலைகளைக்கூட உதறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சோடாவை உடைத்துக் காட்டச் சொன்னார். உடைத்தேன். கோலி சோடாவை ஒருமுறை உடைத்தால் உடைத்ததுதான், திரும்ப மூட முடியாது. அவர் மோந்து பார்த்து, நாக்கில் விட்டு, சரி போ என்றார். அத்தோடு வந்திருக்கலாம். சரி என்று ஒற்றை வார்த்தையில் முடித்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. "எப்படி இருக்குன்னு சொல்லலீங்களே" என்றேன். நல்லாத்தான் இருக்கு என்றார். இன்னொரு மடக்குக் குடித்தால்தான் காரம் தெரியும் என்று நானே இன்னொன்றை உடைத்தேன். சாவடியில் இருந்த மற்றவர்களும் வந்தார்கள். கிளம்பும்போது ஆறு பாட்டில் போயிருந்தது. என் சம்சாரம் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுங்கத்தில் வேறு மாதிரி. அங்கே இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். விற்பனைக்கா என்றார். இல்லை, சம்சாரத்துக்கு என்றேன். நாற்பத்திரண்டு பாட்டிலும் ஒரு பொம்பளை குடிப்பாளா என்றார். உற்பத்தியாளர் யார் என்றார். நான்தான் என்றேன். அத்தாட்சி எங்கே என்றார். என் முகத்தைப் பாருங்கள், அதுதான் அத்தாட்சி என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பாட்டில் உடைத்துக் காட்டின பிறகுதான் சீட்டில் முத்திரை விழுந்தது. அதில் ஒன்றுதான் அவர் கேட்டது என்று என் சம்சாரம் இன்றைக்கும் சொல்வாள். நான் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதில்லை.

கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். மோட்டார் படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். படகிலேயே அவளுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மேலே ஏறி, எங்களுக்கான படுக்கைக் கூடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது அவள் முகம் மஞ்சளாக இருந்தது. ஒரு சோடா உடைக்கலாம் என்று பெட்டியைத் திறக்கப் போனேன். சாமான் அறைக்காரர் வந்து நின்றார். தூத்துக்குடிக்காரர், நல்ல தாட்டியான ஆள்.

"அண்ணாச்சி, இத இங்க வைக்கக் கூடாது."

"சாராயம் இல்லீங்க, சோடா."

"சோடான்னு தெரியுது. கொண்டுவரலாம், குடிக்கலாம், அதுக்குத் தடையில்ல. கேஸ் ஏத்துன கண்ணாடி பாட்டில் ஆளுக படுக்குத எடத்துல ஆவாது. போன தடவ ஒண்ணு வெடிச்சு ஒரு அம்மாவுக்கு நெத்தில தையல் போட்டோம்."

அது எவன் போட்ட சோடாவோ, என் பாட்டில் வெடிக்காது என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். பெட்டிகள் சாமான் அறையில் இருக்கும், வேண்டுமானால் அங்கேயே எல்லாவற்றையும் உடைத்து ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றித் தருகிறேன், கேனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இஞ்சி சோடாவைக் கேனில் ஊற்றுவதா! அந்த மனிதருக்கு நான் பொறுமையாக விளக்கினேன். கேஸ் இல்லாத சோடா சோடாவே இல்லை, உடைத்த கையோடு குடிக்க வேண்டும், கால் மணி ஆனாலே என் கடையில் அதைச் சாக்கடையில் கொட்டுவோம், அதை ஒரு நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது என்றேன். உங்கள் இஷ்டம் என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குடிக்கிறபோது கூப்பிட்டால் அங்கே வந்து குடித்துவிட்டுப் போகலாமாம். எழுந்து நிற்க முடியாதவள் இரண்டு தட்டுப் படிக்கட்டு இறங்கி எப்படிப் போவாள்? நானே அங்கே உடைத்துக் கொண்டுவரலாம் என்று பார்த்தால் வழி நெடுக ஆட்டம். வந்து சேர்வதற்குள் பாதி கையில், மீதியில் கேஸ் இல்லை. முதல் தடவை அப்படிக் கொண்டுவந்ததை நானே கடலில் கொட்டினேன்.

முதல் நாள் அவளுக்குக் கஞ்சி நிற்கவில்லை. கப்பல் தண்ணியில் இரும்பு வாடை, அதுவும் நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கின எலுமிச்சைச் சாறு ஐந்து நிமிடம் நின்றது. கப்பல் டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரை முழுசாக வெளியே வந்தது. இரண்டாம் நாள் உதடு வெடித்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. "மகளப் பாத்துருவனா?" என்று ஒருமுறை கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள். நான் சாமான் அறை வாசலுக்கும் படுக்கைக்கும் நடந்தேன். ஒரே ஒரு பெட்டி கொடுங்கள் என்றேன். பாதிப் பெட்டி என்றேன். காரைக்காலில் வந்து என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள் என்றேன். நடுக்கடலிலிருந்து எப்படி அண்ணாச்சி விசாரிக்க என்றார். மேல் அதிகாரியைப் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். அவர் இங்கிலீஷில் சொன்னார், இவர் அதையே தமிழில் சொன்னார், கேன் என்ற ஒரு வார்த்தைதான் இரண்டிலும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, டீ வாங்க வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் படுக்கையில் அவள் இல்லை. பக்கத்துப் படுக்கை அம்மாள், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போனதாகச் சொன்னார். ஓடினேன்.

சாமான் அறையில் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளைக் கேன். பக்கத்தில் ஆறு பாட்டில் காலி. சோடாக்காரன் பெண்டாட்டி அல்லவா, கட்டைவிரலால் கோலியை அவளே அழுத்தியிருக்கிறாள். கையில் டம்ளர். உள்ளே இருந்ததில் ஒரு குமிழி கிடையாது. குளத்துத் தண்ணி மாதிரி அசையாமல் கிடந்தது. அதை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கேஸ் பூரா போயிடுச்சே. இது வெறும் இஞ்சித் தண்ணி."

"இதத்தான் நான் வீட்லயும் குடிக்கிறேன்."

"என்ன சொல்ற?"

"நீங்க ஒடச்சுக் குடுத்துட்டுப் போயிருவீங்க. செத்த நேரம் வச்சிருந்து, கரண்டிய விட்டுக் கலக்கி, பொறுபொறுன்னு வர்றது அடங்குனப்புறம் குடிப்பேன். அந்தக் காத்து எனக்கு ஆவாதுங்க. நெஞ்ச அடைக்கும்."

"இத்தன வருசமாவா?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"சொன்னா விட்டுருவீங்களா. மெஷினு பக்கத்துல நிக்க வச்சு, காத்து எப்புடி ஏத்துறோம்னு பாடம் எடுப்பீங்க."

தூத்துக்குடிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அரிசி மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றார். தோள் குலுங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஏறின அன்றைக்கே அந்தக் கேனை வாங்கியிருந்தால் இவள் இரண்டு நாள் சுருண்டு கிடந்திருக்க வேண்டாம். அதைத் தடுத்தவன் போலீஸ்காரனா, சுங்கக்காரனா, இந்தச் சாமான் அறைக்காரரா? ஒருவரும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. இத்தனை வருடம் ஏமாற்றினாயே என்று அவளிடம் சத்தம் போட்டேன். அவள் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். வேறென்ன செய்ய? கால் மணி கழித்துப் பார்த்தேன், உள்ளே நின்றுவிட்டது.

மிச்ச பாட்டில்களை அன்று மத்தியானம் நானே வரிசையாக உடைத்துக் கேனில் ஊற்றினேன். ஒவ்வொன்றும் எப்படிச் சத்தம் போட்டது தெரியுமா? ஒரு சுற்று அதிகம் ஏற்றின கேஸ். அத்தனையும் சாமான் அறைக் கூரையில் போய் முட்டி வீணானது. தூத்துக்குடிக்காரர் மட்டும் ஒரு பாட்டிலை உடைத்த கையோடு வாங்கிக் குடித்தார். அண்ணாச்சி, கண்ணுல தண்ணி வருது, இதுதான் சரக்கு என்றார். ருசி தெரிந்த மனிதர்தான். முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

நாலாம் நாள் அவள் கஞ்சி குடித்தாள். ஐந்தாம் நாள் காலை தலை சீவிப் பின்னிக்கொண்டாள். பினாங்கில் இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை, மகளுக்கான சேலை மூட்டையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளை இரண்டு சிநேகிதர்களோடு வந்திருந்தார். அத்தையைத் தூக்கிப்போக வேண்டியிருக்கும் என்று நினைத்து ஆள் கூட்டிவந்திருக்கிறார். மகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், குழந்தை இன்னும் பிறக்கவில்லை, அம்மா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார்.

"எப்படி அத்தை தாங்குனீங்க? இந்தக் கடல்ல நானே படுத்துருவேன்."

"ஒங்க மாமா சோடா இருந்துச்சுல்ல" என்றாள் என் சம்சாரம். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

சிநேகிதர்கள் இருவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அப்படி என்ன சோடா மாமா, எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஆயுசு முழுக்கக் காத்திருக்கிற ஆள் நான். ஒரு மணி நேரம் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"மொதல்ல வண்டிய எடுங்க" என்றேன். "புள்ள காத்துக்கிட்டுக் கெடக்கு."